பேரில்லாத மருந்துச் சீட்டு

பம்மலில் நான் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலத்தில், எங்கள் தெருவில் உப்பை நூறு கிராமாக வாங்குகிற ஒரே ஆள் அவர்தான். பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஒருநாள் என்னிடமே கேட்டுவிட்டார். "ஏங்க்கா, அந்த சிலோன் அம்மா வூட்ல உப்பு போட்டு வெக்க ஒரு டப்பா கூட இல்லியா?" டப்பா இருந்தது. எதையும் ஒரு கிலோ வாங்கி வைக்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு மாதத்தில் கனடா போகிறவர் ஒரு கிலோ உப்பை என்ன செய்வார், மிச்சத்தை யாருக்குக் கொடுப்பார் என்பது அவர் கணக்கு.

அந்த இரண்டு மாதம், எனக்குத் தெரிந்தே ஆறு வருடம் நீடித்தது.

அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். பாசம் அதற்குப் பின்னால், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மெதுவாக வரும். ஆறு வருடத்தில் எத்தனை முறை அவரைக் கண்டபடி பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "ஓம் பிள்ளை, ஓம்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தான் செய்வதையே செய்வார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அறுபதைத் தாண்டிவிட்டது. கணவர் அங்கேயே இறந்துவிட்டார். ஒரே மகன். அவன் அம்மாவை இங்கே கூட்டி வந்து, ஒரு வருடம் கூட இருந்துவிட்டு, யாரோ ஒரு ஏஜென்டைப் பிடித்துக் கனடாவுக்குப் போனான். போனதும் அம்மாவை ஸ்பான்சர் செய்து கூப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரை தங்குவதற்கு, எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையைப் பிடித்துக் கொடுத்திருந்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜன்னல், பொதுக் குழாய். பெட்டியைப் பிரித்துத் துணிமணிகளை அலமாரியில் வைக்கச் சொன்னேன். கேட்கவில்லை. புடவையைப் பெட்டியிலிருந்து எடுப்பார், துவைத்துக் காயவைத்துத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே மடித்து வைப்பார்.

வீட்டுக்கார அம்மா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் எட்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். வாய் பெரிசு, மனசும் பெரிசு. சும்மா கிடந்த ஒரு கட்டிலைக் கொடுக்கிறேன் என்றார். வேண்டாம் என்றார் இவர். பொங்கலுக்குக் கூப்பிட்டார். இவர் போகவில்லை. மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலத் தட்டோடு அறைக்கே வந்து அழைத்தார். அதற்கும் போகவில்லை. அன்றைக்கு நான் அவரை விடவில்லை.

"ஏம்மா, பின்னாடி ரூம்ல இருந்துக்கிட்டு முன்னாடி பந்தல்ல வந்து ஒரு வாய் சாப்பிட்டா என்னம்மா?"

"போய்ச் சாப்பிட்டால் திருப்பிச் செய்ய வேணும் பிள்ளை. நான் ஆரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போடுற மாதிரி இனி இஞ்சை என்ன நடக்கப் போகுது? செய்யாமல் போனால் கடன்காரியாய்ப் போன மாதிரி. ரெண்டு மாசத்திலை போறவளுக்கு அது என்னத்துக்கு?"

ஒருவர் வீட்டு விசேஷத்தில் கைநனைத்துவிட்டுத் தன் வீட்டு விசேஷத்துக்கு அவர்களைக் கூப்பிடாமல் போவது அவர்கள் பக்கத்தில் பெரிய குறையாம். இருக்கட்டும், மரியாதைதான். அந்த மரியாதை அவரை ஒரு ஊரின் நடுவிலே தனியாக உட்கார வைத்துவிட்டது. வீட்டுக்கார அம்மா எவ்வளவு நாள்தான் கூப்பிடுவார்? "இன்னாமா இது, ரொம்ப ராங்கியா கீது. கூப்ட்டு கூப்ட்டு எனக்குத்தான் பேஜாராப் போச்சி" என்று ஒருநாள் என் கடையில் வந்து புலம்பினார். அதோடு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மற்ற போர்ஷன்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே கூப்பிடவில்லை. சிலோன்காரர்களுக்கு வீடு கொடுக்கவே ஊர் பயந்த காலம் அது. மாதம் ஒருமுறை இவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். அதைப் பார்த்த எதிர்வீட்டுப் பெண் தன் குழந்தையைக்கூட இவர் பக்கம் விடமாட்டாள். என் வீட்டுக்காரர் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் இருந்தார். அவரும் என்னிடம், "கடைக்கு வந்தா பேசு, வீடு வரைக்கும் வெச்சுக்காத" என்றுதான் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்தக் குற்றமும் என் கணக்கில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு மகன் என் பூத்துக்குப் பேசுவான். அவனுக்கு அங்கே அது காலை நேரம். இவர் ஐந்தரைக்கே வந்துவிடுவார். வந்து உட்காரமாட்டார். சுவரில் ஒட்டியிருந்த எஸ்.டி.டி. கோடு பட்டியலுக்கு முன்னால் நின்று, வாய்விட்டுப் படிப்பார். "அரக்கோணம். அரியலூர். ஆம்பூர். ஆரணி." முதலில் வருகிற குரல் குரலாகவே இருக்காது. துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஈரோடு, உடுமலைப்பேட்டை தாண்டும்போது கொஞ்சம் தெளியும். விழுப்புரம் வருவதற்குள் மனுஷக் குரல் வந்துவிடும். போன் பேச வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். கொஞ்சம் கழன்ற கேஸ் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

கேட்டபோது சொன்னார். "கிழமை முழுக்க ஆரோடையும் கதைக்கிறேல்லை பிள்ளை. தொண்டை கட்டிப் போகுது. அப்பிடியே போய் ஹலோ எண்டால், 'என்னம்மா தடிமனோ' எண்டு கேட்டுக் கவலைப்படுவான்."

தடிமன் என்றால் அவர்கள் பேச்சில் ஜலதோஷம். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றால் எனக்குக் கோபம்தான் வரும். "நாலு பேர்கிட்ட பேசினா தொண்டை ஏன் கட்டப் போகுது?" என்று கத்தினேன். "ஓம் பிள்ளை" என்றார். அப்புறம், அந்தக் கல்யாணத்தில் என்னென்ன சாப்பாடு போட்டார்கள் என்று விசாரித்தார். நான் போயிருந்தேன், சொன்னேன். ஆறரைக்கு மணி அடித்தது. கண்ணாடிக் கதவைச் சாத்தினால் வேர்க்கும் என்று அவர் சாத்துவதே இல்லை. எல்லாம் எனக்குக் கேட்கும்.

"நான் நல்ல சுகம் மோனை. வீட்டுக்காரியின்ரை மகளுக்குக் கலியாணம். நாலு நாளாய் எனக்கு அங்கைதான் வேலை. வடை, பாயாசம், எல்லாம் நல்லாய்ச் செய்தவை. என்னை விடுறாவே இல்லை. ஓம், கதைச்சுக் கொண்டிருந்தால் பொழுது போறதே தெரியாது."

அன்றைக்கு அவர் சாப்பிட்டது டீயும் பன்னும். எல்லா நாளும் அநேகமாக அதுதான். ஒருத்திக்காக அடுப்பு மூட்டி, ஒருத்திக்காகக் கறி வைத்து, ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிட அவருக்குப் பிடிக்கவில்லை. ஜாக்கெட்டில் முதலில் ஒரு பின் குத்தியிருந்தார், அடுத்த வருடம் இரண்டு. கையைத் தூக்கினால் வளையல் முழங்கைக்கு ஓடும்.

அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை வியாதி உண்டு. சீனி வருத்தம் என்பார். யாழ்ப்பாணத்து டாக்டர் எழுதிய பழைய சீட்டு ஒன்றை வைத்திருந்தார். அதில் பேர் இருந்த மேல்பகுதியைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்திருந்தார். அந்தச் சீட்டை என்னிடம் நீட்டி, மாத்திரை வாங்கித் தரச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

கனடா போவதற்கு முன்னால் தூதரகத்து டாக்டர் உடம்பைச் சோதிப்பாராம். மெடிக்கல் என்பார்கள். அனகாபுத்தூரில் இருந்த ஒரு சிலோன் வாத்தியாருக்கு நெஞ்சுப் படத்தில் ஏதோ நிழல் தெரிந்தது என்று நிறுத்திவிட்டார்களாம். அதிலிருந்து இவர் முடிவு செய்துவிட்டார், இந்த ஊரில் எந்த டாக்டரிடமும் காலடி வைப்பதில்லை என்று.

"டாக்குத்தரிட்டைப் போனால் அவர் எழுதுவார். எழுதினால் அது எங்கையோ ஒரு இடத்திலை கிடக்கும். பிறகு எடுத்துக் காட்டுவாங்கள், 'இவவுக்கு வருத்தம் இருக்கு, இஞ்சை வந்தால் அரசாங்கத்துக்குச் செலவு' எண்டு."

பம்மல் டாக்டர் எழுதுகிற சீட்டைக் கனடாவில் எவன் படிக்கப் போகிறான்? அவர் கையெழுத்தை எங்கள் மெடிக்கல் ஷாப்காரரே தட்டுத்தடுமாறித்தான் படிப்பார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. கடைசியில் நானே டாக்டரிடம் போய், என் மாமியாருக்குச் சர்க்கரை, தலைசுற்றல், கால் மரத்துப் போகிறது என்று இவருடைய நோயை எல்லாம் ஒப்பித்து மாத்திரை வாங்கினேன். அப்படி மூன்று வருடம். டாக்டர் நல்ல மனுஷர், ஆனால் கோபக்காரர். "ஆளைப் பார்க்காம எத்தனை நாளும்மா எழுதறது? அடுத்த தடவை மாமியாரைக் கூட்டிட்டு வரலைன்னா எழுத மாட்டேன்" என்றார். என் மாமியார் அந்த வயதிலும் திருநீர்மலைப் படி முழுக்க மூச்சு வாங்காமல் ஏறுகிறவர். கம்பவுண்டர் ஒருநாள் அவரைக் கடைத்தெருவில் பார்த்து, "கால் மரப்பு எப்படிம்மா இருக்கு" என்று விசாரித்துவிட்டான். வீட்டில் எனக்குக் கிடைத்த பூஜையை இங்கே எழுத முடியாது.

அந்த மாத்திரையையும் அவர் ஒழுங்காகப் போடவில்லை. ஸ்பான்சர் வந்தபின் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று பாதி பாதியாக உடைத்து மிச்சம் பிடித்தார்.

ஒரு ஐப்பசி ஞாயிறு. நல்ல மழை. ஆறரை ஆகியும் இவர் வரவில்லை. மணி அடித்தது, நான் எடுத்தேன்.

"அக்கா, அம்மா பக்கத்திலை நிக்கிறாவோ?"

"இன்னும் வரல தம்பி. மழை."

"உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். என்ரை அகதிக் கேஸே இன்னும் முடியேல்லை அக்கா. ஒருக்கா நிராகரிச்சுப்போட்டாங்கள், திரும்பவும் அப்பீல் போட்டிருக்கிறன். எனக்கே பேப்பர் இல்லை. நான் எப்பிடி அம்மாவுக்கு ஸ்பொன்சர் செய்யிறது? இன்னும் ஒரு துண்டுக் கடுதாசி கூடப் போடேல்லை. அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. அந்த நம்பிக்கையிலைதான் அவ இருக்கிறா."

விண்ணப்பமே போடாத ஒரு பயணத்துக்காக இங்கே ஒருத்தி டாக்டரைப் பார்க்காமல், அடுப்பு மூட்டாமல், கட்டில் வாங்காமல் தேய்ந்துகொண்டிருக்கிறாள். அவள் நோயை அவனிடம் மறைக்கிறாள். அவன் கேஸை அவளிடம் மறைக்கிறான். இரண்டும் என் கையில்.

"தம்பி, உங்கம்மாவும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம" என்று ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் குடையை மடக்கிக்கொண்டு அவர் படியேறி வந்தார். லைனில் மகன் என்று நான் சொல்வதற்கு முன்பே, உதட்டில் விரலை வைத்து எனக்குச் சைகை காட்டினார். நோயைச் சொல்லிவிடாதே என்று எல்லா வாரமும் காட்டுகிற அதே சைகை. அன்றைக்குக் கோடு பட்டியல் படிக்க நேரமில்லாததால் குரல் கரகரத்தது. "தடிமன் மோனை, மழையெல்லோ" என்று சிரித்தார்.

அடுத்த வாரமாவது சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த வாரம். அவன் நம்பர் என் நோட்டில் இருந்தது. நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு வெளிநாட்டு லைன் போட்டுக் கொடுக்கிறவள் நான். எனக்காக ஒரு லைன் போட என்ன தடை? அவனிடம் சொன்னால் அவன் உடைந்து அவளிடம் உண்மையைச் சொல்லுவான், அவள் அதைத் தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் நிஜம். ஒரு கிழவியின் நம்பிக்கையை என் வாயால் அறுக்கப் பயம். அதனால் அந்த நம்பிக்கை அவரைத் தின்பதை உட்கார்ந்து பார்த்தேன்.

சித்திரை வெயிலில் காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். கம்பளி சாக்ஸ். ரப்பர் செருப்புக்குள் விரல் நுழையாமல் நொண்டி நொண்டி வந்தார்.

"என்னம்மா இது கோலம்?"

"அங்கை சரியான குளிராம் பிள்ளை. இப்பவே பழகிறன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கடையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கார அம்மா கடைக்கு ஓடி வந்தார். "ஏ பொண்ணு, சித்த வா. சிலோன்மா ரூமாண்ட ஒரு மாதிரி வாடை வருது. கதவ தட்டினா தொறக்க மாட்டேங்குது. எனக்கு பயமா கீது."

நான் கூப்பிட்டதும் திறந்தார். காய்ச்சலில் முகம் சிவந்திருந்தது. சாக்ஸ் காலோடு ஒட்டியிருந்தது. வெந்நீர் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. இடது காலில் இரண்டு விரல் கறுத்துப் போயிருந்தன. என்றைக்கோ கல் இடித்திருக்கிறது. மரத்த கால், வலி தெரியவில்லை. அந்த அறையில் இன்னும் ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால், காலை நீட்டி உட்காரும்போதாவது அதைப் பார்த்திருப்பார்கள். வீட்டுக்கார அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "எட்டு குடித்தனம் இருந்து இன்னாமா பிரயோசனம்? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ?" ஆட்டோ பிடித்து அவரும் கூடவே ஏறிக்கொண்டார். வழி முழுக்க இவரைத் திட்டிக்கொண்டே, இவர் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் பேர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், காய்ச்சல் வேகத்திலும் இவர் முந்திக்கொண்டு என் மாமியார் பேரைச் சொன்னார். வயதைக்கூடச் சரியாகச் சொன்னார்.

இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வந்து என் பூத்தில் நானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கனடாவுக்குப் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் ஏன் போகவில்லை என்பதையும் சொன்னேன். அவன் குலுங்கி அழுதான்.

"ஏனக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவனை டா போட்டேன். கடைசியில் அவன், "இப்ப ஒண்டும் சொல்லாதேங்கோ அக்கா. காயம் மாறட்டும். நானே சொல்லுறன்" என்றான். மறுபடியும் அதே.

மறுநாள் இட்லி கொண்டு போனேன். கட்டுப் போட்ட காலை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"சப்பாத்துப் போட்டால் தெரியாதுதானே பிள்ளை?"

"ஷூவா? எதுக்கும்மா?"

"மெடிக்கலிலை. சப்பாத்தோடை நடந்து காட்டினால் ரெண்டு விரல் இல்லை எண்டு கண்டுபிடிப்பாங்களோ?"

சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மெடிக்கலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, உனக்காக அங்கே ஒரு துண்டுக் காகிதம்கூட நகரவில்லை, எழுந்து ஒழுங்காகச் சாப்பிட்டு மாத்திரை போட்டு இந்த ஊரில் இரு என்று சொல்ல எல்லா வார்த்தையும் தொண்டை வரை வந்துவிட்டது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதும்மா" என்றேன்.

மூன்றாவது வாரம் பல்லாவரத்தில் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கிப் போனேன், ஒரு அளவு பெரியதாக. இடது ஷூவின் முனையில் நர்ஸ் பஞ்சு அடைத்துக் கொடுத்தார். இவர் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். பிறகு கம்பியை விட்டார். வார்டின் கடைசியில் கிடந்த பெஞ்சைக் காட்டி, "நீ டாக்குத்தர் மாதிரி உதிலை போய் இரு. நான் நடந்து வாறன். வடிவாய்ப் பார்த்துச் சொல்லு" என்றார்.

போய் உட்கார்ந்தேன். அவர் புடவையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து, என்னை நோக்கி நடந்து வந்தார். நன்றாகவே நொண்டினார். ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டார். என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பாஸ்" என்றேன்.

"இல்லை, உண்மையாய்ப் பார்த்துச் சொல்லு" என்று திரும்பிப் போய், மறுபடியும் முதலிலிருந்து நடந்து வந்தார்.